பள்ளியை மாற்றலாமா, வேண்டாமா? சமாளிக்கக் கடினமான பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மகன் மூன்றாம் வகுப்பு வரை ஒரு மெட்ரிக் பள்ளியில் படித்தான். பிறகு நான்கு வருடம், வழக்கமான பாடமுறையில் இருந்து விலகி நடக்கும் ஒரு மாற்றுப் பள்ளியில். எட்டாம் வகுப்பிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில். இப்போது பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். இந்தக் கதை தெரிந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லி, அவர்கள் எனக்கு போன் செய்வது வழக்கமாகிவிட்டது. ஏழெட்டு வருடமாக ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. நான் மருத்துவரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. அலைந்து தெரிந்துகொண்டதை, அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியாக வைத்து எழுதியிருக்கிறேன்.

"பையன் ரொம்ப சேட்டை. தினமும் டைரியில ஏதாவது எழுதி அனுப்புறாங்க. ஸ்கூல் மாத்திடலாமா?"

சேட்டைக்காக மட்டும் மாற்ற வேண்டாம். முதலில் ஒரு நோட்டு எடுத்து மூன்று வாரம் குறித்து வாருங்கள். எந்தக் கிழமை, எந்தப் பீரியட், யார் வகுப்பு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. அவ்வளவுதான். என் மகன் "எப்போதும்" அடிக்கிறான் என்று சொன்னார்கள். குறித்துப் பார்த்தபோது முக்கால்வாசி சம்பவங்கள் தமிழ், ஆங்கிலப் பீரியடுகளில், கரும்பலகையைப் பார்த்து எழுதும் நேரத்தில் நடந்திருந்தன. அவனுக்கு எழுத வரவில்லை. அது தெரிந்துவிடக் கூடாது என்று பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளினான்.

குறிப்பைப் பார்த்தால் இரண்டில் ஒன்று புலப்படும். ஒரு ஆசிரியர் வகுப்பில் மட்டும் பிரச்சினை என்றால் அது பேசித் தீர்க்கக்கூடியது. பள்ளி, வீடு, கல்யாண வீடு என்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் பள்ளியை மாற்றினாலும் அது கூடவே வரும். அப்போது அடுத்த கேள்விக்குப் போங்கள்.

"டாக்டர்கிட்ட காட்டச் சொல்றாங்க. போனா முத்திரை குத்திடுவாங்களே?"

முத்திரை ஏற்கெனவே குத்தியாகிவிட்டது. அடங்காதவன், சோம்பேறி, திமிர் பிடித்தவள் என்றெல்லாம். மருத்துவர் தருவது அதைவிடத் தெளிவான, உதவி கிடைக்க வழி உள்ள ஒரு பெயர். அதனால் போங்கள்.

முதலில் எளியவற்றைப் பாருங்கள். கண், காது, ரத்தசோகை, தூக்கம். மூக்கடைப்பும் டான்சில் வீக்கமும் உள்ள பிள்ளை இரவெல்லாம் குறட்டை விட்டு, சரியாகத் தூங்காமல் பகலில் துறுதுறுவென்று அலையும். பெரியவர்கள் தூக்கம் கெட்டால் சோர்ந்துவிடுவோம், பிள்ளைகள் பலர் அதற்கு நேர்மாறாக ஆடுவார்கள். சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு எதுவும் நடக்காதது போல் தொடரும் பிள்ளைக்கு ஒருவகை வலிப்பு இருக்கலாம். பள்ளியில் அதைக் "கனவு காண்கிறாள்" என்று எழுதி அனுப்புவார்கள்.

இவை இல்லை என்றால் வளர்ச்சி சார்ந்த குழந்தை மருத்துவர், அல்லது குழந்தைகள் மனநல மருத்துவர். ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் உள்ள நிலை என்று சொல்ல, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். உங்கள் மூன்று வார நோட்டு அங்கே பெரிய உதவி. டிஸ்லெக்சியாவை, அதாவது படிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாட்டை, ஏழெட்டு வயதுக்கு முன் உறுதியாகச் சொல்வது கடினம், ஆனால் சந்தேகம் வந்த நாளிலிருந்தே பயிற்சியைத் தொடங்கலாம்.

பணத்தை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் என்று அரசு மருத்துவமனைகளில் ஒரு பிரிவு இயங்குகிறது. சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய பன்முக மாற்றுத்திறனாளர் நிறுவனம் இருக்கிறது. டிஸ்லெக்சியாவுக்கென்றே மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் முப்பது வருடத்துக்கும் மேலாக வேலை செய்கிறது.

"மாற்றுப் பள்ளி, மாற்றுப் பள்ளின்னு சொல்றீங்களே, எல்லாம் ஒண்ணுதானே?"

இல்லை. ஒன்றுக்கொன்று நேர் எதிரான பள்ளிகள்கூட இந்தப் பெயரில் இருக்கின்றன. மாண்டிசோரி முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரிசை உண்டு. பிள்ளை தானாகத் தேர்ந்தெடுத்து, தனியாகச் செய்து முடிக்கும். இது நமக்குப் புதிதும் இல்லை. 1939-இல் மரியா மாண்டிசோரியே அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், போர்க்காலம் முழுக்க இந்தியாவில்தான் இருந்தார். 1919-இல் ஜெர்மனியில் தொடங்கிய வால்டார்ஃப் முறையில் கதை, பாட்டு, கைவேலைக்கு முதலிடம், எழுத்தும் படிப்பும் சற்றுத் தாமதமாக வரும். தத்துவ அறிஞர் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனையில் 1973-இல் சென்னையில் தொடங்கிய 'தி ஸ்கூல்' போன்றவை வேறு வகை. திருவண்ணாமலையில் மருதம், தருமபுரி நாகர்கூடலில் புவிதம், ஆரோவில்லில் உள்ள பள்ளிகள் என்று மண்ணோடும் கைத்தொழிலோடும் சேர்ந்தவை தனி.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. ஆந்திராவில் உள்ள ரிஷிவேலி பள்ளியின் கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறையை ஒட்டித்தான் செயல்வழிக் கற்றல் 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-இல் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் போனது. தரையில் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் வேகத்தில் அவரவர் அட்டையை முடிப்பது. ஆகவே மாற்று என்பது அதிகக் கட்டணம் வாங்கும் தோப்புப் பள்ளிகளின் சொத்து மட்டும் அல்ல.

"அங்கே விட்டா இவன் சரியாயிடுவானா?"

அதிகம் வரும் கேள்வி இதுதான். நான் அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான். மாற்றுப் பள்ளி சிகிச்சை அல்ல. பிள்ளைக்கு எது கஷ்டம் என்பதைப் பொறுத்து அது வரமாகவும் அமையும், வீணாகவும் போகும்.

பயத்தில் சுருண்டுபோன பிள்ளைக்கு, காலையில் வயிற்றுவலி என்று அழும் பிள்ளைக்கு, சத்தத்தையும் கூட்டத்தையும் தாங்க முடியாத பிள்ளைக்குச் சிறிய வகுப்பும் மென்மையான குரலும் உள்ள இடம் நிஜமாகவே மாற்றம் தரும். அதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் ஏடிஎச்டி உள்ள பிள்ளைக்கு "உனக்குப் பிடித்ததைச் செய்" என்பது பெரும்பாலும் உதவாது. அவனுக்குத் தேவை அடுத்து என்ன என்று தெளிவாகத் தெரிகிற நாள், சிறு சிறு வேலைகள், உடனுக்குடன் ஒரு பாராட்டு. கட்டுப்பாடு தளர்ந்த வகுப்பில் அவன் சுதந்திரமாக இருப்பதில்லை, தொலைந்துபோகிறான்.

டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு இன்னொரு ஆபத்து. "அவசரப்படுத்தாதீர்கள், தயாரானதும் தானாகப் படிப்பான்" என்று சொல்வார்கள். பல பிள்ளைகளுக்கு அது உண்மைதான். என் மகனுக்கு இல்லை. அந்தப் பள்ளியில் அவன் சிரித்துக்கொண்டே இருந்தான், மரம் ஏறினான், தறியில் நெய்தான். நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம். பத்து வயது முடியும்போதுதான் கடைப் பெயர்ப் பலகையைக்கூட அவனால் படிக்க முடியவில்லை என்பது உறைத்தது. இரண்டு வருடம் போய்விட்டது. அவர்கள் அன்பானவர்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எழுத்து-ஒலிப் பயிற்சியை முறையாக, தினமும், ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டிய பிள்ளைக்கு அன்பு மட்டும் போதாது.

அதனால் எந்த முறை என்பதைவிட, பிள்ளைக்குப் பக்கத்தில் தினமும் உட்காரப்போகும் ஆசிரியர் யார், பிள்ளையின் குறிப்பான கஷ்டம் அவருக்குத் தெரியுமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

"தாத்தா சொல்றார், கண்டிப்பான ஸ்கூல்ல போட்டு நாலு அடி வச்சா சரியாப் போயிடும்னு. 'அடியாத மாடு படியாது'ன்னு சொல்றார்."

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. வகுப்புக்கு வெளியே நிற்க வைத்துக் கேலி செய்வதும் துன்புறுத்தல்தான்.

சட்டத்தை விடுங்கள், தாத்தாவுக்கு வேறு விதமாகச் சொல்லலாம். செய்யத் தெரிந்தும் செய்யாதவனுக்குத்தான் பயம் ஏதாவது செய்யும். செய்யவே முடியாதவனுக்கு அது பொய் சொல்லவும் ஒளியவும் மட்டுமே கற்றுத்தரும். கண்டிப்பு வேறு, அடி வேறு. சொன்ன சொல் மாறாத, குரல் உயர்த்தாத ஒரு கண்டிப்பான ஆசிரியர் இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரும் வரம். என் மகனின் எட்டாம் வகுப்புக் கணக்காசிரியர் அப்படித்தான்.

"இப்ப இருக்கிற ஸ்கூல்லயே ஏதாவது செஞ்சு பார்க்க முடியாதா?"

முடியும். முதலில் செய்ய வேண்டியதும் அதுதான். நண்பர்கள், பக்கத்துத் தெரு, பழகிய வேன், இவை எல்லாம் பிள்ளைக்குப் பிடிமானம். ஒரு பிள்ளைக்குப் பள்ளி மாறுவது நமக்கு ஊர் மாறுவது போல.

தலைமையாசிரியரிடம் "என் பிள்ளையைக் கவனியுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் நடக்காது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியரால் செய்யக்கூடிய மூன்றே மூன்று விஷயங்களைக் கேளுங்கள். முதல் வரிசையில், ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி ஓர் இடம். பீரியடுக்கு நடுவில் ஒருமுறை எழுந்து நடக்க ஒரு வேலை, நோட்டு அடுக்குவது, சாக்பீஸ் எடுத்து வருவது போல. எழுதுவது குறைவு, வாய்மொழிக் கேள்வி அதிகம். டைரியில் புகார் மட்டும் வராமல், நன்றாக நடந்த ஒன்றையும் தினம் ஒரு வரி எழுதச் சொல்லிக் கேளுங்கள். எல்லாரும் செய்ய மாட்டார்கள். ஒருவர் செய்தாலே அந்த வகுப்பில் பிள்ளை உயிர் பிழைத்துக்கொள்ளும்.

டிஸ்லெக்சியாவும் ஆட்டிசமும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் வருகின்றன. அதற்கான மாற்றுத்திறனாளி சான்று இருந்தால் கேட்பது சலுகை அல்ல, உரிமை. ஏடிஎச்டி தனியாக அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் ஏடிஎச்டியும் டிஸ்லெக்சியாவும் சேர்ந்திருக்கும் பிள்ளைக்குக் கற்றல் குறைபாட்டுச் சான்றையும் மறக்காமல் வாங்குங்கள்.

ஒரு முழுப் பருவம் முயன்று பாருங்கள். பிள்ளை பள்ளிக்குப் போக மறுப்பது, படுக்கையில் சிறுநீர் கழிப்பது திரும்பத் தொடங்குவது, "நான் செத்துப்போயிடுறேன்" என்று சொல்வது, இவற்றில் ஒன்று வந்தால் பருவம் முடியக் காத்திருக்க வேண்டாம். கடைசியாகச் சொன்னது வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

"டிசி வாங்கிட்டுப் போயிடுங்கன்னு வாய்மொழியா சொல்லிட்டாங்க. அப்படிச் சொல்லலாமா?"

எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 16 இது. 2019 திருத்தம் தேர்ச்சி விதியை மாற்றியதே தவிர, நீக்கக் கூடாது என்பதை மாற்றவில்லை. பள்ளிகளுக்கு இது தெரியும், அதனால்தான் எழுத்தில் தருவதில்லை. "சொந்தக் காரணத்தால் டிசி கேட்கிறேன்" என்று உங்களிடம் கடிதம் கேட்பார்கள். அந்தக் கடிதத்தை அவசரத்தில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நாங்கள் கொடுத்தோம். அதன் பிறகு எங்கள் பக்கம் எந்தப் பேச்சும் எடுபடவில்லை.

முறையிட வேண்டும் என்றால் மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர், அல்லது பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண். ஒரு விஷயம் கவனம்: சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் பள்ளி எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சண்டை போட்டு ஜெயித்துப் பிள்ளையை அங்கேயே உட்கார வைக்க வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம் என்பேன். வேண்டாத வீட்டில் விருந்தாளியாக இருப்பது பெரியவர்களுக்கே முடியாது. சட்டத்தைக் காட்டி அவகாசம் வாங்குங்கள், கல்வியாண்டு முடியும் வரை. அந்த அவகாசத்தில் நிதானமாக அடுத்த இடம் தேடுங்கள்.

"கவர்மென்ட் ஸ்கூல்ல சேர்த்தா கவனிப்பாங்களா?"

மெட்ரிக்கில் இருந்து வருபவர்கள் இந்த வழியை யோசிக்கவே மாட்டார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. பல ஊர்த் தொடக்கப் பள்ளிகளில் வகுப்புக்குப் பதினைந்து, இருபது பிள்ளைகள்தான். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் நிலைக்கு ஏற்பப் பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், சுற்றுமுறையில் பள்ளிகளுக்கு வருவார்கள். வாரம் ஒருமுறை வந்தாலே, கட்டணம் கொடுத்தாலும் கிடைக்காத உதவி அது. ஆசிரியர்களுக்கு வேலைப்பளு அதிகம், இரண்டு மூன்று வகுப்பை ஒருவரே பார்க்கும் பள்ளிகளும் உண்டு. நேரில் போய் ஒரு மணி நேரம் இருந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

"மாற்றுப் பள்ளியைப் பார்க்கப் போறோம். என்ன கேட்கணும்?"

மரங்களையும் மண் சுவர்களையும் பார்த்து மயங்காதீர்கள். நான் மயங்கினேன்.

முதல் கேள்வி: "ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை அடித்தால் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்வீர்கள்?" நல்ல பள்ளி போன வாரம் நடந்த ஒன்றைச் சொல்லும். "எங்கள் சூழலில் அப்படி நடக்காது" என்று பதில் வந்தால் யோசியுங்கள். பிள்ளைகள் இருக்கும் எந்த இடத்திலும் நடக்கும்.

அப்புறம், எட்டு வயதில் படிக்க வராத பிள்ளைக்கு என்ன செய்கிறீர்கள், சிறப்புக் கல்வி படித்தவர் யாராவது இருக்கிறாரா, எத்தனை ஆசிரியர்கள் மூன்று வருடத்துக்கு மேல் இருக்கிறார்கள்? சிறிய பள்ளிகளில் ஆர்வத்தோடு வரும் இளைஞர்கள் ஒரு வருடத்தில் கிளம்பிவிடுவது உண்டு. பழகிய ஆசிரியர் அக்கா திடீரென்று காணாமல் போவதை நம் பிள்ளைகளால் தாங்க முடியாது. என் மகன் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. இங்கிருந்து போன பிள்ளைகள் எந்தப் பள்ளிகளில் சேர்ந்தார்கள் என்றும் கேட்டு, முடிந்தால் அந்தப் பெற்றோர் ஒருவரிடம் பேசுங்கள்.

உங்கள் பிள்ளையைப் பற்றி எதையும் மறைக்காதீர்கள். டிசம்பரில் உண்மை தெரிந்து அவர்கள் கைவிரிப்பதைவிட ஜூனில் இடம் இல்லை என்று சொல்வது நல்லது. ஒரு வாரம் வகுப்பில் உட்கார வைத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள், பல பள்ளிகள் சம்மதிக்கும்.

"ஃபீஸ் கட்டுப்படியாகுமா?"

பள்ளிக்குப் பள்ளி வேறு. கிராமப் பிள்ளைகளுக்கு இலவசமாக நடத்துபவையும் உண்டு, பெரிய தனியார் பள்ளிகளைவிட அதிகம் வாங்குபவையும் உண்டு. கணக்குப் போடும்போது தெரபி, போக்குவரத்து, வீடு மாறினால் வாடகை, ஒருவர் வேலையை விட்டால் போகும் சம்பளம் எல்லாவற்றையும் சேர்த்துப் போடுங்கள். கையில் இருப்பதையெல்லாம் கட்டணத்தில் போட்டுவிட்டுத் தெரபியை நிறுத்துவது மட்டும் வேண்டாம். சாதாரணப் பள்ளியோடு வாரம் மூன்று நாள் நல்ல சிறப்புக் கல்வியாளரிடம் பயிற்சி என்பது பல பிள்ளைகளுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

"அந்த ஸ்கூலுக்கு அங்கீகாரம் இல்லையாம். அப்ப பத்தாவது எப்படி எழுதுவான்?"

முதலில் பள்ளிக்கு அரசு அங்கீகாரமும் யூடைஸ் எண்ணும் (ஒவ்வொரு பள்ளிக்கும் தரப்படும் அடையாள எண்) இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் இருந்தால் பிள்ளையின் இஎம்ஐஎஸ் எண் (மாணவருக்குக் கல்வித் துறை தரும் பதிவு எண்) அங்கே தொடரும், டிசி-யும் செல்லும். இல்லை என்றால் அதை ஒரு கற்றல் மையமாக மட்டுமே நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுகளுக்குப் பள்ளிப் பதிவு இருக்காது.

அங்கிருந்து பத்தாம் வகுப்பு எழுதப் பெரும்பாலும் போகும் வழி, என்ஐஓஎஸ் எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளி. மத்திய அரசின் வாரியம், 1989-இல் தொடங்கியது. 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தது ஐந்து பாடம், அதில் மொழி ஒன்றாவது வேண்டும், மற்றவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். பதிவு ஐந்து வருடம் செல்லும், ஒவ்வொரு பாடமாகவும் எழுதி முடிக்கலாம். ஒரே மாதத்தில் எல்லாத் தேர்வையும் தாங்க முடியாத பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல்.

எளிது என்று கணக்கையும் அறிவியலையும் விட்டுவிடுவார்கள். பதினான்கு வயதில் மூடும் அந்தக் கதவு பதினாறில் பாலிடெக்னிக் விண்ணப்பத்தில் வந்து இடிக்கும். கொஞ்சம் கஷ்டப்பட்டாலும் கணக்கை வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

"என்ஐஓஎஸ்-ல படிச்சா காலேஜ்ல எடுப்பாங்களா? அரசு வேலை?"

கல்லூரிகளில் சேர்கிறார்கள். நீட் தேர்வுக்கும் திறந்தநிலைப் பள்ளி மாணவர்கள் தகுதி உள்ளவர்கள் என்பது 2024-இல் தெளிவாகிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் சில இடங்களில் இணைச் சான்று, அதாவது இந்தப் படிப்பு மாநில வாரியப் படிப்புக்குச் சமம் என்ற சான்று கேட்பார்கள். மாநில அரசு வேலையோ, மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்போ மனத்தில் இருந்தால், பதிவு செய்வதற்கு முன்பே அந்த அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாநில வாரியத்திலேயே எழுத முடியும் என்றால் அதையும் ஒதுக்காதீர்கள். டிஸ்லெக்சியா சான்று உள்ளவர்களுக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. ஒன்பதாம் வகுப்பிலேயே விண்ணப்ப வேலையைத் தொடங்குங்கள். மருத்துவச் சான்று கைக்கு வரவே மாதங்கள் ஆகும்.

"ஒத்துவரலைன்னா நடுவுல திரும்ப சாதாரண ஸ்கூலுக்கு வர முடியுமா?"

வரலாம். 6 முதல் 14 வயது வரை, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றும், விடுபட்டதை ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்றும் கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 4 சொல்கிறது. டிசி தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கை மறுக்கவும் கூடாது. டிசி-யில் கட்டணப் பாக்கி என்றெல்லாம் எழுதக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது.

சட்டம் சேர்த்துவிடும். கஷ்டம் அதற்குப் பிறகுதான். அறிவில் பின்தங்குவது குறைவு, கையில் பின்தங்குவதுதான் அதிகம். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பழக்கம் இருக்காது. என் மகனுக்கு எட்டாம் வகுப்பில் முதல் காலாண்டுத் தேர்வில் எல்லாப் பதிலும் தெரியும், பாதித் தாள் வெள்ளையாக இருந்தது. அதனால் ஆறாம் வகுப்பிலோ எட்டிலோ திரும்புங்கள். ஒன்பது ஏற்கெனவே இறுக்கம், பத்தில் வேண்டவே வேண்டாம். மாறுவதற்கு ஆறு மாதம் முன்பிருந்து தினமும் கால் மணி, அரை மணி என்று எழுதும் நேரத்தைக் கூட்டி வாருங்கள்.

"வீட்டுலயே வச்சு படிக்க வைக்கலாமா?"

வீட்டுக்கல்வியை நேரடியாகத் தடை செய்யும் விதியும் இல்லை, அனுமதிக்கும் விதியும் இல்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று சட்டம் சொல்கிறது, மீறினால் தண்டனை என்று எதையும் குறிப்பிடவில்லை. செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் சமாளிக்கக் கடினமான பிள்ளைக்கு அம்மாவே ஆசிரியராகவும் இருந்தால், படிப்பில் வரும் கோபம் சாப்பாட்டுத் தட்டு வரை வரும். அவனுக்கு ஓடி வந்து மடியில் விழ ஓர் ஆள் வேண்டும். ஒரு மாதம், இரண்டு மாதம் ஓய்வாக வைத்திருங்கள். அதற்கு மேல் என்றால் சொல்லித்தர வேறு ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

"நல்ல ஸ்கூல் கிடைச்சிருச்சு. மாத்திரையை நிறுத்திடலாமா?"

மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். பள்ளியும் மாறி மருந்தும் நின்றால், எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மருந்தே வேண்டாம் என்று கொள்கையாகச் சொல்லும் பள்ளி என்றால், மேலே பள்ளி பார்க்கும்போது கேட்கச் சொன்ன கேள்விகளோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"மூத்தவ மெட்ரிக்ல படிக்கிறா. 'அவனுக்கு மட்டும் ஹோம்வொர்க் இல்லையா'ன்னு அழறா. என்ன சொல்றது?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு நிறைவாக இருக்கும், ஏனென்றால் பலர் மூத்த பிள்ளையை மறந்தே போய்விடுகிறார்கள். என் மகளை நானும் மறந்திருந்தேன். அவளுக்கு உண்மையைச் சொல்லுங்கள்: உனக்கு நிற்பது போலத் தம்பிக்கு எழுத்து மனதில் நிற்காது, அதற்கு வேறு வழியில் கற்கிறான். அதோடு வாரத்தில் ஒரு மாலை அவளுக்கு மட்டும். தம்பி இல்லாமல், தம்பியைப் பற்றிய பேச்சும் இல்லாமல். நாங்கள் வியாழக்கிழமை சாயங்காலம் மலைக்கோட்டைப் பக்கம் நடந்து போய்ப் பருத்திப்பால் குடித்துவிட்டு வருவோம். இப்போது அவள் வெளியூரில் வேலையில் இருக்கிறாள், ஊருக்கு வந்தால் அது இன்னும் நடக்கிறது.

"வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டேங்குறார். பையன்கிட்டயும் கேட்கணுமா?"

ஒருவர் மனமில்லாமல் எடுத்த முடிவு முதல் சறுக்கலிலேயே சண்டையாகிவிடும். அவரை வாதத்தால் மாற்ற முயலாமல், இரண்டு பள்ளிக்கும் கூட்டிப்போய் வகுப்பில் அரை நாள் உட்காரச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் என் கணவர் மனம் மாறியது மெட்ரிக் பள்ளியின் வராந்தாவில், முட்டி போட்டிருந்த மகனைத் தற்செயலாகப் பார்த்த அன்றுதான்.

பிள்ளையிடம் கட்டாயம் கேளுங்கள், ஆனால் முடிவை அவன் தலையில் வைக்காதீர்கள். "எந்த ஸ்கூல் வேணும்?" என்று கேட்டால் ஏழு வயதுப் பிள்ளை ஊஞ்சல் இருக்கும் பள்ளியைச் சொல்லும். "எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா இருக்கு? யார்கிட்ட இருந்தா நல்லா இருக்கு?" என்று கேளுங்கள். பத்து வயதுக்கு மேல் என்றால் அவன் சம்மதம் இல்லாமல் மாற்ற வேண்டாம்.

"மாற்றுப் பள்ளியிலயும் முடியாதுன்னு சொல்லிட்டாங்க. இனி எங்க போறது?"

இந்த போன் பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல் வரும். முதலில் தூங்குங்கள். இன்று இரவு முடிவெடுக்க வேண்டியது எதுவும் இல்லை.

அந்தப் பள்ளியிடம் கோபப்படாமல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: எது முடியவில்லை என்று எழுத்தில். ஓடிவிடுகிறானா, மற்ற பிள்ளைகளைக் காயப்படுத்துகிறானா, ஒருவர் கூடவே இருக்க வேண்டியிருக்கிறதா? அந்தத் தாளோடு மருத்துவரிடம் மறுபடி போங்கள். பல சமயம் முதல் மதிப்பீட்டில் தவறியது ஏதாவது இப்போது தெரியவரும். சில பிள்ளைகளுக்கு ஒரு வருடம் சிறப்புப் பள்ளியோ, முழு நேரப் பயிற்சி மையமோ தேவைப்படும். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்று இருந்தால் 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ அவர்கள் தேர்ந்தெடுக்கும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையும் உண்டு. அங்கே போனால் திரும்ப வர முடியாது என்று நினைக்காதீர்கள், வந்தவர்களை எனக்குத் தெரியும்.

நடுவில் இருக்கும் வாரங்களில் பிள்ளை பழைய நேரத்துக்கே எழட்டும், குளிக்கட்டும், டிபன் டப்பாவில் சாப்பாடு எடுத்துக்கொண்டு எங்காவது போகட்டும். என் மகன் அப்படி இரண்டரை மாதம் எங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்குப் போனான். கடைக்காரர் அவனுக்கு ஒரு ஸ்டூலும் ஒரு பழைய சக்கரமும் கொடுத்தார். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவனுக்குக் கோட்டம் எடுக்கத் தெரிந்திருந்தது.